ஒரு கைப்பிடி கேழ்வரகு

இல்லக்கா, இந்தப் பையை மேல வைக்க வேணாம். மடியிலயே கிடக்கட்டும். கனமெல்லாம் ஒண்ணுமில்ல. மேல வச்சா யாராவது மூட்டையைத் தூக்கி இது தலையில வச்சிருவாங்க, நசுங்கிரும். பெரியகுளம் வரைக்கும்தானே, ரெண்டு மணி நேரம். நீங்க தேனியா? நல்லதாப் போச்சு, பேச்சுத்துணை ஆச்சு. திண்டுக்கல்லுல ஏறுனதுல இருந்து ஒத்தையா உக்காந்து போகணுமேன்னுதான் யோசிச்சேன். தனியா உக்காந்தா மனசு ஒரே இடத்துல சுத்துது.

என்னக்கா அப்படிப் பார்க்குறீங்க? நான் உங்களைப் பார்த்ததையா? தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் புத்தி. நீங்க ஏறி உக்காரும்போதே கண்ணு ஒரு சுத்து சுத்திருச்சு. இடுப்புல பர்ஸு, தாலிக்கொடியில மூணு ஊக்கு, பையில எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வேணும்னு பார்க்கலை. பதினொரு வருஷம் பார்த்த கண்ணு, சும்மா இருன்னா இருக்குமா? வீட்டுல என் மகளைக் கட்டிப்பிடிச்சாக்கூட கை தன்னால முதுகு, இடுப்புன்னு இறங்குது. "செக் பண்ணாதம்மா"ங்குறா. சிரிச்சுக்கிட்டுதான் சொல்லுவா.

என் பேரு முனீஸ்வரி. ஊரு சிவகாசிப் பக்கம். வேலை ஏர்போர்ட்டுல, செக்யூரிட்டி. எந்த ஏர்போர்ட்டு, எந்தப் படைன்னு மட்டும் கேக்காதீங்க, வெளியில சொல்லக் கூடாது. பொம்பளைங்களைத் திரை போட்டு உள்ள கூப்பிட்டு, ஒரு சின்ன மேடையில ஏத்தி, கையை விரிக்கச் சொல்லித் தடவிப் பார்ப்பாங்கள்ல, அந்த ஆளு நான்தான். நீங்க பிளேன்ல போனதில்லையா? சரி, அப்ப தப்பிச்சீங்க. கையில ஒரு மட்டை மாதிரி மெஷின் இருக்கும். உடம்பு மேல கொண்டு போனா இரும்பு இருக்கிற இடத்துல கத்தும். கத்துன இடத்தைக் கையால தொட்டுப் பார்க்கணும். அதுதான் வேலை. ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு பேரு.

கேவலமான வேலைன்னு நினைக்குறீங்கள்ல? சொல்லுங்கக்கா, நான் கோவிச்சுக்க மாட்டேன். எங்க சொந்தத்துலயே ஒரு கல்யாண வீட்டுல ஒருத்தி கேட்டா, "ஊரான் உடம்பைத் தடவுறதுக்கு ஒரு சம்பளமா"ன்னு. நான் விடலை. நான் தடவுறதாலதாண்டி உன் புருஷன் பிளேன்ல தூங்கிக்கிட்டே துபாய் போறான்னேன். ஆனா அவ கேட்டது உள்ள போயி உக்காந்துருச்சு. இத்தனை வருஷத்துல நான் பிடிச்சது என்ன? எண்ணிப் பார்த்தேன். கத்திரிக்கோலு, பாக்குவெட்டி, தீப்பெட்டி, கொப்பரைத் தேங்காய். கொப்பரை கொண்டு போகக் கூடாதுக்கா, எண்ணெய் இருக்குல்ல, தீப்பிடிக்கும்னு ரூலு. பிரசவத்துக்குப் போற அம்மாக்காரி பத்து கொப்பரையைக் கொண்டாந்து என் காலைப் பிடிக்காத குறையா கெஞ்சுவா. தர மாட்டேன். அதெல்லாம்தான் பிடிச்சேன். வெடின்னு ஒண்ணு, துப்பாக்கின்னு ஒண்ணு, என் கைக்குக் கிடைச்சதே இல்ல.

டிரெய்னிங்ல ஒரு அய்யா சொன்னாரு. நீங்க எதைப் பிடிக்குறீங்கங்கிறது முக்கியமில்லம்மா, நீங்க அங்க நிக்குறீங்கங்கிறதுதான் முக்கியம், அதுக்குப் பயந்துதான் எவனும் வர மாட்டான்னாரு. நியாயம்தானே? வீட்டைச் சுத்திச் செவுரு கட்டுறோம். திருடன் வரலைன்னா செவுரு தண்டம்னு இடிச்சுருவோமா? நீங்களே சொல்லுங்க. ஒருத்தன், ஒரே ஒருத்தன் உள்ள போயிட்டான்னா நூத்தம்பது உசுரு. அதுக்கு முன்னால கொஞ்ச நேரம் கையை விரிச்சு நிக்கிறது ஒரு பெரிய விஷயமா? நான் அப்படித்தான் நினைச்சேன். இப்பவும் அப்படித்தான் நினைக்குறேன். ஆனா இந்தப் பை மடியில இருக்கே, அதுக்கு என்ன சொல்றது.

செம்பட்டி தாண்டட்டும், சொல்லுறேன். இல்ல, இப்பவே சொல்லிர்றேன்.

எங்களுக்குப் பரீட்சை உண்டுக்கா. பேப்பர்ல எழுதுறது இல்ல. மேல இருக்கிற ஆபீஸுல இருந்து, யாருன்னே தெரியாத ஒரு ஆளை, பயணி மாதிரி வேஷம் போட்டு அனுப்புவாங்க. உடம்புல எங்கயாவது ஒரு பொய் வெடியை ஒளிச்சு வச்சுக்கிட்டு வருவாங்க. டம்மிம்போம். நாங்க கண்டுபிடிச்சா, உடனே கார்டை எடுத்துக் காட்டி சபாஷ்ம்பாங்க. விட்டுட்டோம்னா அவ்வளவுதான். எப்ப வருவாங்க, எப்படி வருவாங்கன்னு தெரியாது.

போன சித்திரையில ஒருத்தி வந்தா. அம்பது வயசு இருக்கும். தலை நிறைய மல்லியப்பூ, நெத்தியில குங்குமம், கூறைப்பட்டு மாதிரி ஒரு சேலை. பார்த்தா எங்க பெரியம்மா மாதிரியே இருந்தா. நெஞ்சுகிட்ட மெஷின் கத்துச்சு. எடுத்துப் பார்த்தா தாலிக்கொடியில கொத்தா ஏழெட்டு ஊக்கு. நம்ம பொம்பளைங்க வழக்கம்தானே? நீங்களும் போட்டிருக்கீங்க, நானும் போட்டிருக்கேன். அவசரத்துக்கு ஆகும்னு தாலியிலதானே ஊக்கைக் கோத்து வைப்போம். மெஷின் கத்துறது இந்த ஊக்குக்குத்தான்னு விட்டுட்டேன். போங்கம்மான்னேன். வெளிய போயி நாலடி வச்சா, திரும்பி வந்தா, கார்டைக் காட்டுனா. ஊக்குக்குக் கீழ ஜாக்கெட்டுக்குள்ள ஒரு சோப்புக்கட்டி அளவுக்கு டம்மி. வேணும்னேதான் ஊக்கை மாட்டிக்கிட்டு வந்திருக்கா. தமிழ்நாட்டுப் பொம்பளை எதைப் பார்த்தா விடுவான்னு தெரிஞ்சு வந்திருக்கா.

அன்னைக்குப் பட்ட அவமானம் கொஞ்சநஞ்சமில்ல. மெமோ குடுத்தாங்க. காலையில எல்லாரும் வரிசையில நிக்கையில என்னை மட்டும் முன்னால கூப்பிட்டு நிக்க வச்சு, நிஜ வெடியா இருந்தா இத்தனை பேரும் இந்நேரம் சாம்பல்னு இன்ஸ்பெக்டர் இந்தியில கத்துனாரு. எனக்கு முன்னால வேலைக்குச் சேர்ந்தவ, பின்னால சேர்ந்தவ எல்லாம் பார்த்துக்கிட்டு நின்னா. இன்னொரு தடவை விட்டா மூட்டை கட்டிக்கிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்னுட்டாரு. வீட்டுக்காரருக்கு நிலையான வேலை கிடையாது. மக ஒன்பதாப்பு படிக்கிறா. எனக்கு எப்படி இருந்திருக்கும்? அன்னையில இருந்து வர்ற பொம்பளையெல்லாம் கார்டு வச்சிருக்கிறவளாவே தெரிஞ்சா. பூ வச்சிருந்தா சந்தேகம். சிரிச்சா சந்தேகம். கும்பிட்டா ரொம்பச் சந்தேகம்.

பத்து நாளுதான் போயிருக்கும். தனபாக்கியம் வந்துச்சு. பேரு பின்னால தெரிஞ்சதுதான், அப்ப எனக்கு அது ஒரு அம்மா, அவ்வளவுதான். அம்பத்தஞ்சு வயசு. ஒல்லி. கத்திரிப்பூக் கலர் சேலை. பிளேனுக்குப் புதுசுன்னு பார்த்தாலே தெரிஞ்சுச்சு, செருப்பைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு உள்ள வந்துச்சு. மெஷினைக் கொண்டு போறேன், நெஞ்சுல இடது பக்கம் கத்துச்சு. தாலியைத் தூக்கிப் பார்த்தேன். ஊக்கு ஒண்ணுகூட இல்ல. மறுபடி கொண்டு போனேன், மறுபடி கத்துச்சு. அந்தம்மாவுக்கு வேர்த்துக் கொட்டுது. ஏசி ஓடுதுக்கா. கண்ணைப் பார்க்க மாட்டேங்குது. "சீக்கிரம் விட்டுரு தாயி"ன்னு மெதுவாச் சொல்லுது.

டிரெய்னிங்ல எழுதிப் போட்டிருப்பாங்க. வேர்க்கும், கண்ணைப் பார்க்க மாட்டான், அவசரப்படுத்துவான். வரி மாறாம அப்படியே நிக்குது. கையை வச்சேன். கனமா, பொடிமணியா, ஒரு பொட்டலம் மாதிரி கைக்குத் தட்டுப்பட்டுச்சு. எனக்குச் சந்தோசம் தாங்கலை. ஆமாக்கா, சந்தோசம்தான். பொய் சொல்லி என்ன ஆகப் போகுது? மாட்டுனடி மகளேன்னு மனசுக்குள்ள ஒரு துள்ளு. சிரிச்சுட்டேன். "போதும் மேடம், கண்டுபிடிச்சுட்டேன், கார்டைக் காட்டுங்க"ன்னேன்.

அது முழிக்குது. கார்டு பையில இருக்கு தாயி, பைதான் அந்தப் பக்கம் போயிருச்சேங்குது. ஆதார் கார்டைச் சொல்லுது பாவம். எனக்கு, ஆகா, என்னமா நடிக்கிறா, போன தடவை வந்தவளை விட இவ கெட்டிக்காரின்னு தோணுச்சு. எடுங்க மேடம் வெளியன்னேன். அது தலையாட்டுச்சு, வேணாங்கிற மாதிரி. நானே கையை விட்டு எடுத்துட்டேன். ஜாக்கெட்டோட நாலு ஊக்கு போட்டுப் பிணைச்சு வச்சிருந்துச்சு. மெஷின் கத்துனது அந்த ஊக்குக்குத்தான். வெள்ளை மல் துணி, உருண்டையா, கையில தைச்சது. தையல் அவ்வளவு நெருக்கம், அவ்வளவு நேர்த்தி.

ரூலு என்னன்னா, சந்தேகமான பொருளை அங்கயே வச்சுட்டு மேல சொல்லணும், இல்லைன்னா டிரேயில வச்சு மெஷினுக்குள்ள விடணும். தனி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி பார்க்கணும். எனக்குத் தெரியாதா? பதினொரு வருஷமா நான் மத்தவளுக்குச் சொல்லிக் குடுக்குற ரூலு. அதை நான் செய்யலை. அது தப்பு. அந்த ஒரு தப்பை மட்டும் ஒத்துக்குறேன். திரையை விலக்கிட்டு வெளிய வந்து, பொம்பளைங்க வரிசை முழுக்க நிக்குது, அவங்க முன்னால மேசையில அதை வச்சு, இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, சார், கிடைச்சிருச்சுன்னேன். அவர் வர்றதுக்குள்ள பறிமுதல் பெட்டியில கிடந்த கத்திரிக்கோலை எடுத்து, வெட்டிட்டேன்.

கேழ்வரகு.

மேசையெல்லாம் கொட்டுது. தரையில உருண்டு ஓடுது. இன்ஸ்பெக்டர் வடக்கத்தி ஆளு, இது என்ன பவுடரான்னு கேக்குறாரு. நான் கேழ்வரகுன்னேன். அதுக்கு இந்தி வார்த்தைகூட அப்ப எனக்கு வாயில வரலை. திரும்பிப் பார்க்குறேன், அந்தம்மா திரைக்கு வெளிய வந்து நிக்குது. சேலையைக் கொத்தாப் பிடிச்சு ஒரு பக்கமா நெஞ்சுல அமுக்கிக்கிட்டு நிக்குது. நான் இன்னமும் அது கார்டை எடுக்கும்னுதான் பார்க்குறேன். எதுக்கும்மா இதை உள்ள வச்சிருந்தீங்கன்னு சத்தமாத்தான் கேட்டேன்.

"ஆபரேசன்ல எடுத்துட்டாங்க தாயி. அந்தப் பக்கம் சேலை நிக்க மாட்டேங்குது."

அவ்வளவுதான் சொன்னுச்சு. மெதுவாத்தான் சொன்னுச்சு. ஆனா வரிசையில அடுத்ததா நின்ன ஒரு அம்மாவுக்கு நல்லாவே கேட்டுருச்சு. பட்டுச்சேலை, மூக்குல எட்டுக்கல் பேசரி, கண்ணாடி போட்ட அம்மா. எங்ககிட்ட இதைச் சொல்லலையே சம்பந்தின்னு கேட்டுச்சு. கோவமாக்கூட இல்ல. கடையில வாங்குன காய் சொத்தைன்னு தெரிஞ்சா கேப்போம்ல, அப்படிக் கேட்டுச்சு. தனபாக்கியத்தோட மக, யோகப்பிரியா, அம்மாவுக்கு முன்னாடியே செக் முடிச்சு அந்தப் பக்கம் போயிருந்தவ, ஓடி வந்தா. அம்மாவும் மகளும் குனிஞ்சு தரையில கிடந்த கேழ்வரகைப் பொறுக்குனாங்க. அம்மா ஒரு கையில சேலையைப் பிடிச்சுக்கிட்டு, ஒரு கையாலதான் பொறுக்குச்சு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? ஒரு பிளாஸ்டிக் கவர் குடுத்தேன். ஷாம்பு, பேஸ்டெல்லாம் போட்டுக் காட்டுறதுக்கு வச்சிருக்கிற கவரு. இதுல போட்டுக்குங்கன்னேன். வேற எதுவும் எனக்குத் தோணலைக்கா. அப்புறம், அடுத்து வாங்கன்னு வரிசையைக் கூப்பிட்டேன். அடுத்து வந்தது அந்தச் சம்பந்தியம்மாதான். கையை விரிச்சு நின்னுச்சு. மெஷின் கத்தவே இல்ல.

மாப்பிள்ளை வீடு பாம்பே. நிச்சயதார்த்தம் அங்கதான்னு பேச்சாம். குலசாமி கும்பிட வந்த சம்பந்தியம்மா, திரும்பப் போகையில பொண்ணையும் பொண்ணோட அம்மாவையும் கையோட கூட்டிட்டுப் போகுது. ஆபரேசன் நடந்ததை அவங்ககிட்ட மறைச்சிருக்காங்க. அந்த நோயி ரத்தத்துல வரும், நாளைக்கு மகளுக்கும் வந்தா என்ன பண்றதுன்னு மாப்பிள்ளை வீட்டுல யோசிப்பாங்கள்ல. மறைச்சது தப்புத்தானே? நீங்க நியாயமாச் சொல்லுங்க. ஒரு குடும்பத்துகிட்ட இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்கலாமா? நான் கண்டுபிடிக்கலைன்னாலும் ஒரு நாள் தெரியத்தானே போகுது? இதை எனக்கு நானே ஒரு ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்துட்டேன். கண்ணாடி வழியா அவங்க உக்காந்திருந்த இடம் எனக்குத் தெரிஞ்சுச்சு. மூணு பேரும் ஒண்ணா வந்தவங்க, இப்ப நடுவுல நாலு சீட்டு காலியா கிடந்துச்சு.

வத்தலக்குண்டா இது? தண்ணி இருந்தா ஒரு வாய் குடுங்க.

இனிமேதான் விஷயமே இருக்கு. வரிசையில நின்ன ஒரு காலேஜ் பொண்ணு, யாருன்னு தெரியலை, இதையெல்லாம் எழுதி மேல அனுப்பிருச்சு. விசாரணை வச்சாங்க. தனபாக்கியத்துகிட்ட எழுத்துல பதில் கேட்டு லெட்டர் போச்சு. எனக்கு வேலை போச்சுன்னு முடிவே பண்ணிட்டேன். ஊருக்குப் போயி தீப்பெட்டி ஒட்டலாம்னு மக கிட்டகூடச் சொல்லிட்டேன். ஒரு மாசம் கழிச்சுப் பதில் வந்துச்சு. இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, தமிழ்ல இருக்கு, நீயே வாசின்னு குடுத்தாரு. எனக்கு மனப்பாடம். "அந்தப் பெண் சத்தம் போடவில்லை. மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். என் மேல்தான் தப்பு. நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்." கீழ கையெழுத்து. தனபாக்கியம்ங்கிற பேருல எழுத்து ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்குது.

கேஸ் முடிஞ்சு போச்சு. நான் குத்தவாளி இல்லைன்னு வந்துருச்சு. இன்ஸ்பெக்டர் கையைக் குடுத்தாரு. அன்னைக்குப் பிடிச்ச வயித்தெரிச்சல்க்கா எனக்கு. ஏன் அப்படி எழுதுனா? நான் சத்தம் போட்டேன். மரியாதை இல்லாம நடந்தேன். வரிசைக்கு முன்னால கொண்டாந்து வெட்டுனேன். அத்தனை பேருக்கும் தெரியும். திட்டி எழுதியிருந்தா ஒரு தண்டனை குடுத்திருப்பாங்க, நானும் வாங்கிக்கிட்டுப் போயிருப்பேன். இவ யாரு என்னை மன்னிக்க? நான் கேட்டேனா? என்னது? பயமாக்கூட இருக்கலாமா? யாரைப் பார்த்துப் பயம்? என்னைப் பார்த்தா? என்னைப் பார்த்து எதுக்குக்கா பயப்படணும். விசாரணைன்னு போனா இன்னும் நாலு பேருக்குத் தெரியுமேன்னா? அது எனக்குத் தோணலை. இப்ப நீங்க சொல்லித்தான் தோணுது.

அதுல இருந்து தூக்கமில்ல. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும், வீட்டுல மல் துணி வாங்கி நானே தைச்சுப் பார்த்தேன். அரிசி போட்டா குத்துது. கடுகு போட்டா ஒரு பக்கமா ஓடிருது. உளுந்து நிக்குது, ஆனா கல்லு மாதிரி இருக்கு. கேழ்வரகுதான் அமுங்கியும் குடுக்குது, கனமாவும் இருக்குது, வச்ச இடத்துல நிக்குது. எத்தனை தானியத்தைப் போட்டுப் பார்த்து அந்தம்மா அதுக்கு வந்திருக்கும்! எத்தனை நாளு கதவைச் சாத்திக்கிட்டு, கண்ணாடி முன்னால நின்னு, சேலையைக் கட்டிக் கட்டி அவுத்திருக்கும். அதை நான் ஒரே வெட்டுல வெட்டுனேன்.

இன்னொண்ணு சொல்லுறேன். இதை நான் விசாரணையிலகூடச் சொல்லலை. சிவகாசியில பிறந்தவ நான். எங்க அப்பாரு பட்டாசு ஆலையில மருந்து கலந்தவரு. மருந்து வாசம் எனக்குத் தெரியாதா? கையில எடுத்ததுமே தெரியும், அது மருந்தில்லைன்னு. வெடியாதான் இருக்கும்னு ஒரு துளி நம்பியிருந்தா, கத்திரிக்கோலை எடுத்து வெட்டியிருப்பேனா? எடுத்தேன் பிடிச்சேன்னு ஓடியிருக்க மாட்டேனா? பரீட்சையில பாஸாகத்தான் வெட்டுனேன். நல்லா யோசிச்சா, இந்தப் பதினொரு வருஷத்துல ஒரு நாளும் வெடி வரும்னு நான் நம்புனதே இல்லக்கா. கார்டு வச்சிருக்கிறவ வருவான்னு மட்டும்தான் பயந்தேன். அப்ப நான் யாரைக் காப்பாத்துனேன்? என் வேலையைக் காப்பாத்துனேன். அதுக்கு ஒரு நாளைக்கு நானூறு பொம்பளைங்க கையை விரிச்சு நின்னாங்க.

இல்ல, அப்படியும் சொல்ல முடியாது. செக்கிங் வேணாம்னு சொல்லலை நான். நாளைக்கே எடுத்துட்டாங்கன்னா நானே பிளேன்ல ஏற மாட்டேன். அதான் சிக்கலே. வேணும்னும் தெரியுது, நான் செஞ்சது அதுக்காக இல்லைன்னும் தெரியுது. எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு தெரியலை.

பையில என்னன்னு கேக்க மாட்டேங்குறீங்களே. கேளுங்க. அதேதான். நிஜமானது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல ஒரு கடை இருக்கு, அங்க விக்கிறான். சிலிகான்ல செஞ்சது, ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்கிறது. தொட்டா நம்ம உடம்பு மாதிரியே இருக்குது, வேர்வை பட்டாலும் ஒண்ணும் ஆகாதாம். ஊக்கு குத்த வேணாம், மெஷின் கத்தாது. கடைக்காரப் பொண்ணு, பேஷண்டைக் கூட்டிட்டு வந்தீங்களா, அளவு பார்க்கணுமேன்னா. அளவு எனக்குத் தெரியும்னேன். எப்படிம்மான்னா. என் கைக்குத் தெரியும்னேன். கண்ணை மூடிக்கிட்டு ஒவ்வொண்ணாக் கையில வச்சுப் பார்த்து, இதுதான்னு எடுத்தேன். அந்தப் பொண்ணு ஒரு மாதிரியா பார்த்தா. பார்த்துட்டுப் போறா.

விசாரணை ஃபைல்ல தனபாக்கியத்தோட விலாசமும் நம்பரும் இருந்துச்சு. எடுக்கக் கூடாது, எடுத்தேன். போன வாரம் போன் போட்டேன். யோகப்பிரியாதான் பேசுச்சு. ஏர்போர்ட் ஆபீஸுல இருந்து பேசுறோம், அம்மாவைப் பார்க்கணும், ஞாயித்துக்கிழமை வரலாமான்னு கேட்டேன். அந்தக் கல்யாணம் அப்பவே நின்னு போச்சாம். இந்த ஞாயித்துக்கிழமை வேணாங்க, என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க, வேற நாளு பார்க்கலாம்னு சொல்லி வச்சிருச்சு. எனக்கு அதைக் கேட்டதும் அப்படி ஒரு நிம்மதி. சரி, வேற இடம் கூடி வருது, கடவுள் கண்ணைத் திறந்துட்டாருன்னு நினைச்சேன். எனக்கு லீவு ஞாயித்துக்கிழமைதான். நல்ல காரியம் நடக்கிற வீடு, நல்ல நாளு, எல்லாரும் சந்தோசமா இருப்பாங்க, அதோட இதையும் குடுத்துட்டு, ஏன் அப்படி எழுதுனீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துரலாம்னு கிளம்பிட்டேன்.

ஏன், இன்னைக்குப் போனா என்ன? யூனிபார்ம்லயா போறேன்? சேலைதானே கட்டியிருக்கேன். யாருன்னு கேட்டா தெரிஞ்சவங்கன்னு சொல்லிக்கிறேன். அந்தம்மாவுக்கு என் மூஞ்சி நெனைப்பிருக்குமான்னே தெரியாது. பார்த்ததும் பதறிருமா? பதறாதுக்கா. பையில என்னன்னு கேட்டா? அதெல்லாம் கேக்க மாட்டாங்க. வீட்டுக்கு வர்ற விருந்தாளி பையை யாராவது திறந்து பார்ப்பாங்களா? அப்படி ஒரு மரியாதை கெட்ட வேலையை யாரு...

சரி. புரியுது. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்.

ஜன்னலை நல்லாத் திறந்து விடுங்க.

எந்த ஊரு இது? தேவதானப்பட்டியா. இன்னும் அரை மணி நேரத்துல நான் அந்த வீட்டு வாசல்ல நின்னிருப்பேன். மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க பாயில உக்காந்திருப்பாங்க. அந்தப் பொண்ணு காபித்தட்டைத் தூக்கிட்டு வரும். தனபாக்கியம் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி நெஞ்சுல வச்சு சேலையைப் பிடிச்சிருக்கும். அப்புறம் அங்க இருக்கிறவங்கள்ல எவளோ ஒருத்தி, இது யாரு சம்பந்தின்னு கேட்டிருப்பா. ரெண்டாவது தடவையும் நானே, அதே வேலையை, ஒரு பைசா சம்பளம் இல்லாம, லீவு நாள்ல செஞ்சிருப்பேன்.

போகவே வேணாம்ங்குறீங்களா? அதை மட்டும் சொல்லாதீங்கக்கா. தபால்ல அனுப்பவா? பிரிச்சுப் பார்ப்பாங்களே வழியில. பிரிப்பாங்க, எனக்குத் தெரியும். இதை நான்தான் கொண்டு போகணும்.

பொண்ணு பார்க்க வந்தவங்க எத்தனை மணிக்குக் கிளம்புவாங்க? சாப்பாடு போட்டு அனுப்புற வழக்கம் இருக்கா உங்க பக்கம்? அப்ப நாலு மணி ஆகும். நல்ல நேரம் பார்த்துக் கிளம்புனா அஞ்சு. கண்டக்டர், அண்ணே, பெரியகுளத்துக்கு எடுத்தேன், தேனிக்கு மிச்ச டிக்கெட்டைக் குடுங்க. உங்க கூடவே வந்து தேனி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன்க்கா. வீட்டுல எல்லாரும் போனதுக்கு அப்புறம், விளக்கு வைக்கிறதுக்குள்ள, வாசல்ல நின்னு கூப்பிட்டுப் பார்க்குறேன். வா தாயின்னா உள்ள போறேன். வேணாம்னா பையை வாசல்ல வச்சுட்டு வந்துர்றேன். எத்தனை பேரைச் செருப்பில்லாம வரிசையில நிறுத்தியிருப்பேன், ஒரு பொழுது நான் காத்து உக்காந்தா ஒண்ணும் குறைஞ்சிராது.

நீங்க இறங்குறதுக்கு முன்னால ஒரு உதவி. இந்தப் பையோட வாயை நல்லா இறுக்கிக் கட்டிக் குடுங்க. நான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குறேன்.